இரண்டாவது ஓலைக்கு எழுந்த தடை

அன்றைக்குக் கோயிலை ஒட்டிச் சாமியார் குடியிருக்கும் பங்கு வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் சாமியார்; மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பிறந்தவர், எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சன்னலோர நாற்காலியில் திராட்சைத் தோட்டத்து இன்னாசி. அவருக்குப் பக்கத்தில் அவருடைய அத்தை, அப்பாவின் தங்கை சூசையம்மா, எழுபதைத் தாண்டியவர், பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டவர். எதிர்வரிசையில் மேகமலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்திருந்த அந்தோணி, அவரை ஒட்டி அவர் மகள் அமலா. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றவன் ஜேம்ஸ், இன்னாசியின் தம்பி மகன், தகப்பன் இல்லாத பையன். அப்புறம் கையில் தண்ணீர்ச் செம்போடு நான். மேசைக்கு அடியில் சாமியார் வளர்த்த கோம்பை நாய். வேறு யாரும் இல்லை. ஊரே அங்கே இருந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். வாசலுக்கு வெளியே நின்றவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் பார்த்த உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மண ஓலை வாசிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இதை எழுதவில்லை. அது யாருக்கும் வரும். பையன் பெயர், பெண் பெயர், பெற்றவர்கள் பெயர், எந்தப் பங்கு. மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் நிற்கவேண்டும். அந்த ஒரு மூச்சு நேரம்தான் வேலை. மற்றதெல்லாம் வாசிப்பு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பயந்த சுபாவம். பூசைக்கு மணி அடித்தோமா என்று அடித்து முடித்த பிறகும் யோசிப்பேன். ஓலை வாசித்து நிற்கிற அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை வேர்க்கும். ஆனால் பல வருடமாக யாரும் எழுந்ததில்லை. கைக்குழந்தை ஒன்று அழும், யாராவது இருமுவார்கள், நான் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவேன்.

ஜேம்ஸ் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஓட்டியவன். அமலா எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பிள்ளைக்கொட்டகையில் பார்த்துக்கொண்டவள். மாதம் ஒரு தடவை கீழே வந்துபோவாள். அந்தப் பாதையின் குழிகளைத் தெரிந்தவர்களுக்கு, முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் எவ்வளவு நேரம் பேசமுடியும் என்பது தெரியும். இரண்டு வீடும் சம்மதித்து, பூ வைத்து, புடவையும் எடுத்தாகிவிட்டது. முதல் ஓலை சத்தமில்லாமல் முடிந்தது.

இரண்டாவது ஓலையன்று அந்தோணி பூசைக்கு வந்திருந்தார். எங்கள் கோயிலுக்குள் அதுவரை வந்ததே இல்லை. பூ வைக்க மலைக்குப் போனவர்களில் சூசையம்மா இல்லாததால் அவரும் அந்தோணியை அன்றுதான் பார்த்தார். நான் வாசித்துவிட்டு நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து சூசையம்மா எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. தெரிந்த ஜாடை ஒன்றைத் தேடுகிற மாதிரி அந்தோணியின் முகத்தையே பார்த்தார்.

"யய்யா, ஒங்க அப்பா பேரு என்ன?"

அந்தோணி குழம்பிப்போய் எழுந்து நின்றார். "சவரிமுத்துங்க."

"எடது கையில சுண்டுவெரலு இல்லாத சவரிமுத்தா?"

"ஆமாங்க. அவுக செத்து வருசமாச்சு."

சூசையம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தடை இருக்குப்பா. அவரு எங்க அண்ணன்."

கோயிலுக்குள் எல்லோரும் விரல்விட்டு எண்ணத் தொடங்கியது பீடத்திலிருந்தே தெரிந்தது. ஜேம்ஸின் தாத்தா சூசையம்மாவின் மூத்த அண்ணன். அமலாவின் தாத்தாவும் அண்ணன் என்றால், அண்ணன் தம்பி பிள்ளைகள் அண்ணன் தம்பிகள். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை. எண்ணி முடித்தவர்கள் ஜேம்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலை குனிந்திருந்தான். நான் அடுத்த அறிவிப்பை இரண்டு தடவை வாசித்தேன்.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு அந்த மலைப்பாதைதான் கண்ணில். இந்த இரண்டும் ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுமோ, எந்த வளைவில் என்ன ஆகுமோ என்று. அதைவிடப் பெரிய பயம் அந்தப் பெண்ணைப் பற்றி. கல்யாணம் நின்றுபோனால் மற்ற பெண்களுக்குச் சொல்வதுபோல "தட்டிப்போச்சு" என்று இவளுக்குச் சொல்லமாட்டார்கள். அண்ணனுக்குப் பேசின பிள்ளை என்பார்கள். மலையிலும் கீழேயும் அந்தப் பேரோடுதான் அவள் நடக்கவேண்டியிருக்கும்.

மறுநாள் எல்லோரையும் பங்கு வீட்டுக்கு வரச்சொன்னோம். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஒன்று சொல்வார். தடை சொல்ல வந்தவரை நிற்கவைத்துப் பேசாதே, உட்காரவைத்துத் தண்ணீர் கொடு, தண்ணீர் குடிக்கிற வாயால் கத்தமுடியாது. அதனால்தான் என் கையில் செம்பு.

சாமியார் முதலிலேயே முடித்துவிடப் பார்த்தார். "தாத்தாமார் சகோதரங்க. பேரப்பிள்ளைகளுக்குத் திருச்சபைச் சட்டத்துல ஒரு தடையும் இல்லா. மூணாவது ஓலை வாசிக்கலாம். கேட்டோ உபதேசியாரே?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. நானும் பார்த்துவைத்திருந்தேன்.

"சாமி," என்றார் இன்னாசி, "நீங்க ஓலை வாசிங்க. நாங்க கல்யாணத்துக்கு வரமாட்டோம். எங்க தெருவே வராது. தங்கச்சியக் கட்டுனவன் வீட்டுல நாளைக்கு ஒரு சாவு விழுந்தா பாடையத் தூக்கக்கூட ஆளிருக்காது."

"எனக்கு ஒண்ணு மனசிலாகல," என்றார் சாமியார். "இங்க மாமன் மகளைக் கட்ட ஆயர்கிட்ட அனுமதி கேட்டு மாசா மாசம் ஆள் வருது. எங்க நாட்டுல அவள் பெங்ஙள், கூடப்பொறந்தவள் மாதிரி. அவளைச் சிரிச்சுக்கிட்டே கட்டறீங்க. இத்தனை தூரம் தள்ளி நிக்கிற பெண்ணை வேண்டாங்கறீங்க. எந்தா இது?"

"மாமன் மக உரிமைப்பொண்ணு சாமி."

"அதுதான் எதனால?"

இப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று பேச வந்தவர்கள், எந்த உறவில் கட்டலாம் எதில் கூடாது என்பது எங்கிருந்து வந்தது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

சாமியார் சொன்னார், சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டால் அன்பு ஒரே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், அது வெளியே போகவேண்டும் என்றுதான் திருச்சபை தடை வைத்தது என்று.

"அன்பெல்லாம் இல்ல சாமி, சண்டைதான்," என்றார் இன்னாசி. "ஒரு கெணத்துல மொறை வச்சுத் தண்ணி பாய்ச்சுறவன் பங்காளி. அவனுக்கும் எனக்கும் சண்டை வராம இருக்காது. நான் அருவாளத் தூக்குனா என்னையக் கட்டிப் பிடிக்க ஒரு மச்சான் வேணும். அதுக்குத்தான் வெளிய பொண்ணெடுக்குறது. பங்காளியே மச்சானும் ஆயிட்டா யாரு பிடிக்கிறது? வெட்டிக்கிட்டுத்தான் சாகணும்."

அமலா வாய் திறப்பாள் என்று நான் நினைக்கவில்லை. "பன்னெண்டாவதுல டீச்சர் ரத்தத்துக்காகன்னு சொன்னாக. ஒரே ரத்தத்துல கட்டுனா பிள்ளைக்கு ஆகாதுன்னு. ஆனா மாமன் மகளும் அதே ரத்தந்தானே. அப்ப ரத்தம் இல்ல, வேற என்னமோ."

"பிள்ளை படிச்சிருக்கு," என்றார் இன்னாசி, பாராட்டாகவும் இல்லை, திட்டாகவும் இல்லை.

சூசையம்மா அதுவரை நான் கொடுத்த தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "ஒரே பாயில மூத்திரம் பேஞ்சு, ஒரே தட்டுல தின்னு வளந்ததுகளுக்குள்ள அந்த ஆசை வராது. மூக்கு ஒழுகுனதப் பாத்தவன் எவன் மாலையப் போடுவான்? வராததத்தான் கூடாதுன்னு வச்சாக."

"வராததுக்குத் தடை எதுக்கு அம்மச்சி?" என்று சாமியார் மடக்கினார்.

"எல்லாரும் ஒரே பாயிலயா வளர்றாக? ஒண்ணு மலையில வளருது, ஒண்ணு இங்கன வளருது. அதுகளுக்கு யாரு சொல்றது?"

"எங்களுக்குத் தோணலையே ஆத்தா," என்றான் ஜேம்ஸ், சுவரைப் பார்த்து. "அண்ணன் தங்கச்சின்னா ஜீப்புல ஒரு தடவையாவது தோணியிருக்கும்ல?"

"ஏலே, ஒனக்கு வேற என்னதான் தோணும்," என்று சூசையம்மா சொன்னதும் வாசலுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். நாய் ஒரு தடவை குரைத்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்கவேண்டும். எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணத்திலும் கொஞ்சம் நிஜம் இருந்தது. ஒவ்வொருவரும் இன்னொருவர் காரணத்தில் ஓட்டை போட்டுவிட்டார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, அந்தோணி மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் "சட்டத்தில் தடை இல்லை" என்று எழுந்துவிடுவார் என்று தெரிந்தது. எழுந்தால் தப்பில்லை. ஆனால் அந்தக் கல்யாணம் நாலு பேரோடு நடந்து, அந்தப் பிள்ளைகள் காலம் முழுக்கத் தலை குனிந்து திரியும்.

சட்டம் நம் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குப் பயம் அதிகம் வரும். அந்தப் பயத்தில்தான் ஒன்று தட்டுப்பட்டது. உலகத்துத் தடையைப் பற்றியெல்லாம் பேசியாகிவிட்டது, சவரிமுத்து என்ற மனிதரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நம் வேலைக்கு விசாரணை என்று பெயர். விசாரிக்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

"ஆத்தா," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "சவரிமுத்துப் பெரியவரு எதுக்கு ஊர விட்டு மலைக்குப் போனாக?"

இன்னாசி, "அது பழைய கதை, இப்ப எதுக்கு?" என்றார்.

"நீ சும்மா இருலே," என்றார் சூசையம்மா. செம்பைக் கீழே வைத்தார்.

"எங்க அய்யா மாடு வாங்கக் கடமலைக்குண்டுச் சந்தைக்குப் போனாக. மாடு தகையல. காச்சல்ல அப்பனும் ஆத்தாளும் செத்துப்போன ஒரு பயலக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாக. நானும் அவரும் ஒண்ணாத்தான் வளந்தோம். ஞானஸ்நானம் குடுத்து சவரிமுத்துன்னு பேரு வச்சதும் எங்க அய்யாதான். சுடுசோறு வந்தா எனக்கு ஊதிக் குடுப்பாரு."

அப்படியென்றால் ரத்தம் இல்லை என்று எனக்கு ஓடியது. சாமியாருக்கும் ஓடியிருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஆத்தா முடிக்கவில்லை.

"எங்க அய்யா போனப்பெறகு எங்க மூத்த அண்ணன், இந்தா இன்னாசி அப்பன், நெலத்தப் பிரிச்சாரு. சவரிமுத்து அண்ணனுக்கு ஒரு செண்டு கெடையாது. அதுக்கும் பேசல அவரு. கெணறு வெட்டணும்னாக, வெட்டுனாரு. பாறையில கம்பி நழுவி வெரலு போச்சு, அப்பவும் வெட்டுனாரு. தண்ணி கண்டதும், ஒரு மொறை தண்ணி எனக்கும் விடுங்கன்னு கேட்டாரு, ஓரமா நாலு கீரையாவது போடுறேன்னு. எங்க மூத்த அண்ணன், ஒனக்குத் தண்ணி எதுக்கு, கூலி போட்டுத் தர்றேன்னுச்சு. நூத்தம்பது ரூபா பேசுச்சு. அந்த வார்த்தையக் கேட்டதும் கடப்பாறையக் கீழ போட்டாரு. அவ்வளவுதான். அந்தக் கூலியையும் யாரும் குடுக்கல."

இன்னாசி முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இது புதிதல்ல என்று தெரிந்தது.

அந்தச் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை நானே குடித்துவிட்டுக் கேட்டேன். "அண்ணே, தப்பா நெனக்காதீக. சவரிமுத்துப் பெரியவரு ஒங்களுக்குப் பங்காளின்னா, தோட்டத்துலயும் கெணத்துலயும் அந்தோணிக்கு ஒரு பங்கு வரணுமே. அது எப்படி வச்சிருக்கீக?"

திராட்சை காய்க்கிற பருவம் அது. இன்னாசி சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கதவோரத்திலிருந்து ஜேம்ஸ் முன்னால் வந்தான். "எம் பங்குலருந்து எழுதிக் குடுத்துர்றேன் பெரியப்பா."

"குடுத்தா அண்ணன் ஆயிருவ," என்றாள் அமலா தாழ்ந்த குரலில். "வாய மூடு."

பிறகு இன்னாசி ஒரே மூச்சில் சொன்னார். "அவரு எடுத்து வளத்த ஆளு. பங்காளின்னு சொல்லமுடியாது. மொறை தடுக்காது."

தடை போய்விட்டது என்று நான் நினைத்தேன். சாமியாரும் பேனாவை எடுத்தார். அப்போதுதான் அந்தோணி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நேத்துலருந்து அண்ணன் தம்பின்னு பொண்ணு வேண்டாம்னீக. பங்குன்னதும் வளத்த ஆளுன்றீக. எங்க அப்பா செத்தப்போ எஸ்டேட்டு லைன் வீட்டுல அவரு தலைமாட்டுல உக்கார ஒரு சொந்தம் இல்ல. அவரு யாரு ஒங்களுக்கு? கூலியாளா? கூலியாளு மக்க ஒங்க வீட்டுக்கு எதுக்கு? வா தாயி, போவோம்."

அமலா எழவில்லை. எழமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அழுதாள். நான் பயந்ததெல்லாம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. நான் கேட்ட கேள்விதான் அதற்குக் கதவைத் திறந்தது. சமாதானமாக எதையாவது சொல்லிவிடவேண்டும் என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: தடையைச் சொன்னவர் இருக்கும்போது அதை எடுக்கிற வேலை நமக்கு இல்லை. நான் சூசையம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தடை சொன்னது பொல்லாப்புக்கு அல்ல என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்த வீட்டில் சவரிமுத்துவை அண்ணன் என்று கடைசிவரை சொன்னவர் அவர் ஒருவர்தான். கல்யாணம் நடந்தால், அவர் அண்ணனே இல்லை என்று ஊரே கூடி முடிவு கட்டினதாக ஆகும். அதைத்தான் அவர் கோயிலில் எழுந்து தடுத்தார்.

சூசையம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்தார். தன் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அறையைக் குறுக்கே கடந்து, அந்தோணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, இன்னாசியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னாசி, ஒனக்கு அவரு பங்காளி இல்ல. பங்கு குடுக்காதவுக பங்காளின்னு சொல்லக்கூடாது. நீ சொன்னது சரி. ஆனா எனக்கு அண்ணன். எனக்கு நெலத்துலயும் பங்கில்ல, கெணத்துலயும் பங்கில்ல, அதனால நான் சொல்லலாம். எங்க அண்ணன் பேத்திக் கல்யாணத்துக்கு நான் பொண்ணு வீட்டுக்காரியா வருவேன். அத்தை செய்ற சீரு நான் செய்வேன். பொண்ணு கேக்குறதா இருந்தா மரியாதையா இப்பக் கேளு."

இன்னாசி சாமியாரைப் பார்த்தார். சாமியார் என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன்.

"அத்தே, நீங்க எங்க வீட்டாளு," என்றார் இன்னாசி.

"இந்தக் கல்யாணத்துக்கு இல்ல."

அந்தோணி நின்றுகொண்டே இருந்தார். அவருடைய அப்பாவை யாரும் அண்ணன் என்று அழைத்து முந்தின நாள் வரை அவர் கேட்டதே இல்லை. சூசையம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருய்யா. எங்க அண்ணன் மாதிரியே ஒனக்கும் வெடுக்குனு கோவம்."

"சரி அத்தே," என்று சொல்லி அவர் உட்கார்ந்தார்.

இன்னாசி எழுந்து, முறைப்படி பெண் கேட்டார். சூசையம்மா உடனே சரி சொல்லவில்லை. பையன் குடிப்பானா, ஜீப்புக்குக் கடன் இருக்கிறதா என்று, தான் தூக்கி வளர்த்த பயலைப் பற்றியே கேட்டார். ஜேம்ஸ் பதில் சொல்லச் சொல்ல அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாமியார் சூசையம்மாவிடம் தடையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டார். "எனக்கு அண்ணன்னு எழுதுங்க, அதுக்குப் பெறகு கைநாட்டு வைக்கிறேன்," என்றார். அப்படியே எழுதினேன்.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்துவிட்டு நின்றேன். உள்ளங்கை வேர்த்தது. ஒரு குழந்தை அழுதது. அடுத்த அறிவிப்புக்குப் போனேன்.

கல்யாணத்துக்குத் தெரு முழுக்க வந்தது. சூசையம்மா பெண் பக்கத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், எதிர்ப்பக்கத்திலிருந்த தன் மருமக்களையெல்லாம் கேலி பேசிக்கொண்டே. அதுவரை அந்த வீட்டில் அவருக்குக் கேலி பேசச் சம்பந்தி என்று ஒருவரும் இருந்ததில்லை. இத்தனை வருடம் ஓலை வாசித்ததில், இந்தத் தடையெல்லாம் எதனால் வந்தது என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் யாருடன் பங்கு பிரிப்பது, யாரைக் கேலி பேசுவது, யார் தலைமாட்டில் உட்காருவது என்பது தெரியாமல் மனுசர்களால் ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்கமுடியாது. அது மட்டும் தெரியும். அது குழம்பிக் கிடக்கிற இடத்தில்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். அங்கே போய்ச் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். அந்த மனிதர் சாப்பிட்டது யாரோடு, வெறுங்கையோடு போனது எதனால் என்று கேளுங்கள். பயமாக இருந்தால் இன்னும் நல்லது. பயந்தவன் மெதுவாகக் கேட்பான்.

அந்தக் கூலி விஷயம் அன்றே வந்தது. பெண் கேட்டு முடித்ததும் இன்னாசி பையிலிருந்து பணத்தை எடுத்து அந்தோணியிடம் நீட்டினார். "வாங்குனா எங்கப்பா ஒங்க கூலியாளுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி," என்று அந்தோணி கையை மடக்கிக்கொண்டார். கல்யாணத்தன்று வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார் இன்னாசி. "சம்பந்திகிட்டக் கூலி வாங்குனேன்னு தெரிஞ்சா மலையில சிரிப்பாக," என்றார் அந்தோணி. பேரன் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது மறுபடி நீட்டினார். ஜேம்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து, "வட்டி போட்டுக் கேட்டாகன்னா தோட்டமே போயிரும் பெரியப்பா, பேசாம உள்ள வைங்க," என்றான்.

நான் வேலையை விட்டு வந்த பிறகும், இரண்டு வீட்டு விசேஷத்திலும் சாப்பாடு முடிந்து தாம்பூலம் எடுக்கிற நேரத்தில் இன்னாசி கை சட்டைப்பைக்குப் போவதையும், அந்தோணி சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போவதையும் பார்த்திருக்கிறேன். கிணறு வெட்டியதற்கு இன்னும் கொடுக்கவேண்டிய பாக்கி நூற்றைம்பது ரூபாய்.